நியாயமுள்ள கோபம்

ஆன்மாக்களைப் பற்றிநின்று கெடுக்குங் குற்றங்களைக் காமம், வெகுளி, மயக்கம் என மூன்றாகத் தொகுத்துக் கூறுவர் ஆன்றோர். இம்மூன்றனுள்ளே வெகுளிக்கு ஒரு தனியியல்பு உண்டு. காமங் கொண்டவன் அதனைப் பிறரறியாமல் மறைக்கின்றான். மயங்கினவன் தான் மயங்கியிருத்தலைத் தானே அறியான். வெகுண்டவனோ பலர் நடுவே நின்று தன் குற்றத்தைத் தானே உரத்த குரலிற் பறைசாற்றி, அது தனக்குப் பெருமையென்றும் எண்ணுகின்றான். "நான் கோபித்தது நியாயந்தானே" என்று கேட்கின்றான். கேட்டவரும் "நியாயந்தான்" என்று தலையசைக்கின்றனர். ஏனைக் குற்றங்களுக்கு இல்லாத இந்த நியாயம் வெகுளிக்கு மாத்திரம் எங்ஙனம் வந்தது? அது மெய்யான நியாயமேயாயின், அக்கோபம் குற்றமாகுமா, ஆகாதா? இவ்வினாவைச் சைவாசிரியர்களாகிய அன்பர்கள் முன்னே வைத்து, எமக்கு எட்டியவளவில் ஆராயப் புகுகின்றாம்.

நியாயமற்ற கோபத்தைக் குறித்து மிக விரித்துரைக்க வேண்டியதில்லை. காலிலே தட்டிய கல்லை உதைப்பவனும், பேருந்து பிந்தி வந்ததன் பொருட்டு வீட்டிலுள்ளாரை வைபவனும், சிறிது நேரஞ் சென்றபின் தம்முள்ளே நாணுகின்றனர். அந்நாணமே அவர்களுக்கு மருந்தாகின்றது. அடுத்த முறை கோபம் எழும்போது பழைய நாணம் வந்து குறுக்கே நிற்கின்றது. நியாயமுள்ள கோபத்துக்கோ இந்த மருந்து இல்லை. வேலி பிரிந்த தோட்டத்திலே மாடு புகுந்தாற்போல, அது மனத்தினுள்ளே தடையின்றிப் புகுந்து விளைவனைத்தையும் மேய்ந்துவிடுகின்றது. ஆதலின், கோபம் அநியாயமானபோது அஞ்சத்தக்கது. நியாயமானபோது அதனினும் பன்மடங்கு அஞ்சத்தக்கது என்பதே எமது கருத்து. இதனை ஆசிரியர்க்கு விசேடமாக எடுத்துக் கூறுதற்குக் காரணமும் உண்டு. வகுப்பறையிலே பெரும்பாலும் நியாயம் ஆசிரியர் பக்கத்திலேதான் இருக்கின்றது. படியாத பிள்ளை படித்திருத்தல் வேண்டும், பிந்தி வந்த பிள்ளை நேரத்துக்கு வந்திருத்தல் வேண்டும், இவற்றில் ஐயமில்லை. நாடோறும் நியாயத்தோடு கோபித்தற்கு இடந்தருந் தொழில் ஆசிரியத் தொழிலைப்போல் வேறொன்று காண்டல் அரிது.

தொல்காப்பியனார் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலிலே வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கென்றார். அவை உறுப்பைக் குறைத்தலும், குடிக்குக் கேடு சூழ்தலும், வைதும் அடித்தும் அலைத்தலும், கொலை செய்தலும் ஆம். இந்நான்கினையும் நோக்குமிடத்து, ஒருவன் வெகுளுதற்கு எத்துணைப் பெரிய தீங்குகளை அவ்வாசிரியர் எண்ணினார் என்பது புலப்படும். நம் காலத்திலே வெகுளி தோன்றும் இடங்களை நாம் எண்ணிப் பார்ப்போமாக. கொப்பி கொண்டுவராமை, வெண்கட்டி தீர்ந்துபோதல், இடாப்பிலே பெயர் கூப்பிடும்போது பின்வாங்கிலிருந்து எழுஞ் சிரிப்பு, தேநீர் ஆறிப்போதல் என்னும் இவை, உறுப்பறுத்தற்கும் குடி கெடுத்தற்கும் எழத்தக்க அதே கண்சிவப்பையும் அதே குரலையும் நம்மிடத்து எழுப்புகின்றன. தீங்கு சிறிது; தீ பெரிது. நியாயம் இருக்கின்றதா என்று மாத்திரங் கேட்டு, எவ்வளவு இருக்கின்றதென்று கேளாமையே இதற்குக் காரணமாம்.

நியாயமுள்ள கோபம் செய்யுங் கேடு மூன்று. முதலாவது, அது செயலைவிட்டுச் செய்தவனைப் பற்றுகின்றது. இரண்டாவது, இன்றைய குற்றத்தோடு நில்லாது, சென்ற மாதத்தையும் சென்ற ஆண்டையும் பழைய கணக்கேடுபோல எடுத்து விரிக்கின்றது. மூன்றாவது, தான் சொல்லக் கருதிய உண்மையைத் தானே கேளாதபடி செய்துவிடுகின்றது. இம்மூன்றும் ஒருங்கே நிகழும் ஓரிடத்தைக் காட்டுவாம்.

ஒரு மாணாக்கன் மூன்று நாளாகக் கணக்குச் செய்யாமல் வருகின்றான் என்க. ஆசிரியர், "நீயும் உன் தகப்பனைப் போலத்தான், எந்த நாளும் உருப்படமாட்டாய்" என்கின்றார். இங்கே குற்றமோ கணக்குச் செய்யாமை. சொல்லோ அவன் தந்தையையும், பிறப்பையும், இனி வருங் காலத்தையுஞ் சுட்டுவிட்டது. அவன் தலைகுனிந்து நிற்கின்றான். கணக்கைக் குறித்து அவன் செவியிலே ஒன்றும் விழவில்லை. "ஐயா என் அப்பாவைச் சொல்லிப்போட்டார்" என்பது ஒன்றே விழுந்தது. அதனை அவன் அறுபது வயதிலும் மறவான். இனி அவ்வாசிரியரே சிறிது பொறுத்து, அவனை அருகழைத்து, "தம்பி, மூன்று நாளாகக் கணக்குச் செய்யவில்லை, என்ன காரணம்?" என்று கேட்டாராயின், நிகழ்வது வேறு. தாய் வைத்தியசாலையில் இருக்க, இளைய சகோதரங்களுக்கு அவனே சோறு கொடுத்து நித்திரையாக்கினான் என்பது வெளிப்படலாம். வகுத்தற் கணக்கு விளங்கவில்லை என்பது வெளிப்படலாம். வெறுஞ் சோம்பலே காரணம் என்பதும் வெளிப்படலாம். எதுவாயினும், ஆசிரியர் அறியவேண்டியதை அறிந்துகொண்டார். அடுத்துச் செய்யவேண்டியது யாதென அவருக்குத் தெரியும். முந்திய வழியிலே அவர் ஒன்றும் அறிந்திலர்.

"கோபம் வரும்போது தடுக்க முடியவில்லை, அது நம் வசத்தில் இல்லை" என்பார் சிலர். அவர் கூற்று ஆராயத்தக்கது. வகுப்பறையிலே கொதித்தெழுந்த ஆசிரியர், அந்நேரத்திலே வலயக் கல்விப் பணிப்பாளர் வாயிலில் வந்து நிற்பாராயின் என்ன செய்கின்றார்? முகம் மலர்கின்றது, குரல் தாழ்கின்றது, உயர்த்திய கை கூப்பிய கையாகின்றது. அதிபர் நியாயமின்றி ஒரு சொற் சொன்னாலும் அவர் மறுமொழி கூறாது பொறுத்துக்கொள்கின்றார். தடுக்க முடியாத கோபம் இங்கே எங்ஙனம் தடுக்கப்பட்டது? மேலோர்முன் அடங்குங் கோபம் பிள்ளைகள்முன் அடங்காமை, அதனை அடக்குதற்கு வலியில்லாமையால் அன்று; அடக்கவேண்டிய அச்சம் இல்லாமையாலாம். திருவள்ளுவர் வெகுளாமையென்னும் 31 ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவுடனே இதனையே கூறினார். தன் சினம் பலிக்குமிடத்திலே காப்பவனே சினத்தைக் காப்பவனென்பதும், பலியாத இடத்திலே காத்தாலென்ன, காவாவிட்டாலென்ன என்பதும் அவர் கருத்து. நமக்குச் சினம் பலிக்குமிடம் எது? வகுப்பறையும் வீடுமே. நம்மிலும் எளியார் இருக்குமிடமெல்லாம் நமது பரீட்சை மண்டபம் என்று கொள்ளல் வேண்டும்.

அரசாங்கமும் இவ்விடயத்திலே வாளாவிருக்கவில்லை. கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளிலே உடற்றண்டனை கூடாதென விதித்தது. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, ஆசிரியரொருவர் அறைந்தமையாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணாக்கனொருவனது வழக்கிலே, அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை காக்கும் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றந் தீர்ப்பளித்தது. இவை பிரம்பைத் தடுத்தன. நாவைத் தடுத்தற்கு எந்தச் சுற்றறிக்கையால் இயலும்? பிரம்பினால் வந்த தழும்பு சில நாளில் மறையும். அதனைத் தாய் கண்டு எண்ணெய் பூசுவாள். சொல்லினால் வந்த தழும்பைத் தாயுங் காணாள். பிரம்பை வைத்துவிட்ட கையோடு, அதன் வேலை முழுவதையும் நாவினிடத்து ஒப்புவித்துவிட்டோமாயின், நாம் விட்டது ஒன்றுமில்லை.

கோபத்திலே பிறந்த ஒரு சொல், அது எத்துணை நியாயமுடையதாயினும், எவ்வளவு தூரஞ் செல்லுமென்பதைத் திருநீலகண்ட நாயனார் புராணங் காட்டுகின்றது. தில்லையிலே வாழ்ந்த அக்குயவனார் பரத்தைபாற் சென்று வந்தமை பொறாது, அவர் மனைவியார் ஊடினார். அவ்வூடலின் நியாயத்தை மறுப்பார் ஒருவரும் இலர். நாயனார் அணுகியபோது, தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணையிலே தம்மைப் பன்மையாகக் குறித்தமையால், நாயனார் எப்பெண்ணையும் மனத்தாலுந் தீண்டேன் என விரதம் பூண்டார். இருவரும் ஒரு வீட்டிலே, அயலார் ஒருவரும் அறியாதபடி, இளமை கழிந்து மூப்பு வருமளவும் அங்ஙனமே வாழ்ந்தனர். ஒருமையாய் வரவேண்டிய சொல் பன்மையாய் வந்தது. ஒரு யௌவனம் முழுவதுங் கழிந்தது. இச்சரித்திரம் நாயனாரது பத்தியின் உறுதியை விளக்க எழுந்ததென்பது மெய். எனினும், இல்லறத்தார்க்கு அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. சிவபெருமான் யோகியாராய் வந்து, ஓட்டை வைத்து மறைத்து வழக்காடி, குளத்தின் கரையிலே ஊரார் முன்னிலையில் உண்மையைச் சொல்லும்படி செய்தபோதே அவர்கள் இளமை மீண்டது. எத்தனையோ ஆண்டு உள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்த செய்தி வாய்திறந்து சொல்லப்பட்டவுடனே, இருவரும் ஒருங்கே முழுகுதற்கு வழி பிறந்தது.

இனி, இங்கே ஒரு பெரிய ஆட்சேபம் எழும். "சிவபெருமானே திரிபுரத்தை எரித்தார், காமனைச் சாம்பராக்கினார், இராவணனைக் கயிலையின் கீழ் நெரித்தார். மேலும், அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே, தஞ்சொல்வழி வாராத புதல்வரைப் பெற்றோர் உறுக்கியும் அடித்துந் திருத்துதலை எடுத்துக்காட்டி, இறைவன் சினமும் அத்தன்மைத்தாகிய அருளே என்றாரன்றோ? அங்ஙனமாக, ஆசிரியர் கோபித்து அடித்தல் சாத்திரசம்மதமே" என்பர். சைவத்தை நன்கு கற்றவரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். ஆதலால் இதற்கு விடை கூறாது செல்லுதல் முறையன்று.

உவமை என்பது அறிந்த பொருளைக்கொண்டு அறியாத பொருளை உணர்த்துவது. பெற்றோர் அடித்தல் உலகத்தார் யாவரும் அக்காலத்து அறிந்ததொன்று. இறைவனது மறக்கருணை அறிதற்கரியது. முன்னதைக்கொண்டு பின்னதை விளக்கினார் ஆசிரியர். முன்னதைச் செய்யுமாறு விதித்தாரல்லர். முகத்தைத் தாமரையென்றவர், தாமரையைக் கழுவிப் பொட்டிடுமாறு சொல்லவில்லை. அன்றியும், அவ்வுவமையிலே கொள்ளவேண்டியது அடியன்று. அடிக்கும்போதும் மாறாத அன்பாம். இறைவனது சினத்தை நோக்குக. திரிபுரம் எரியும்போதும் அன்பிற் பிறழாத மூவரை அவர் எரியாது காத்தார். காமனை எரித்தும், இரதியின் துயர்கண்டு அவனை அவளுக்கு மீள அளித்தார். இராவணனை நெரித்தும், அவன் பாடிய இசைக்கு இரங்கி வாளும் வாழ்நாளும் ஈந்தார். அச்சினத்தின் நடுவே எல்லாவற்றையும் வேறு வேறாகக் காணுங் கண் திறந்திருக்கின்றது. நமது சினத்திலோ முதலில் மூடுவது அந்தக் கண்ணே. ஒருவன் சிரிக்க வகுப்பு முழுவதையும் முழங்காலில் நிறுத்துவது நமது வழக்கம். இறைவன் மலமில்லாதவன், தன்பொருட்டு ஒன்றும் வேண்டாதவன். நாமோ ஆணவ மலத்தாற் பிணிக்கப்பட்டவர். "பிள்ளையின் நன்மைக்காகவே கோபித்தேன்" என்னும்போது, அக்கோபத்தைப் பிழிந்து பார்த்தால், "என் சொல்லை மதிக்கவில்லை" என்னும் சாறே பெரும்பாலும் வடியும். மலமுடையார் மலமில்லாதவனுடைய செயலை மேற்கொள்ளுதல், வைத்தியரல்லாதார் சத்திரக் கத்தியை எடுத்தல் போலாம்.

நியாயமுள்ள கோபம் வந்த பொழுது அடியார் எங்ஙனம் நடந்தாரென அறிய விரும்புவார், எறிபத்த நாயனார் புராணத்திலே புகழ்ச்சோழரைக் காண்பாராக. கருவூர் ஆனிலைத் திருக்கோயிலுக்குச் சிவகாமியாண்டார் கொண்டுசென்ற பூக்கூடையை அரசனது பட்டத்து யானை பறித்துச் சிதறிற்று. எறிபத்தர் அதனையும் பாகரையும் மழுவால் வெட்டி வீழ்த்தினார். செய்தி கேட்ட அரசர் சினந்து சேனையோடு வந்தார். தன் யானையையும் தன் சேவகரையும் இழந்தவருக்குக் கோபிக்க நியாயம் இல்லையென்று கூற இயலுமா? ஆயினும், அங்கே நின்றவர் சிவனடியார் எனக் கண்டவுடனே, பிழை நிகழ்ந்தாலன்றி இவர் இது செய்யார் என்று நினைந்தார், குதிரையினின்றும் இறங்கினார், நிகழ்ந்த பிழை யாதெனக் கேட்டார். கேட்டறிந்தபின், இப்பிழைக்கு இவர்கள் மடிந்தது போதாது, என்னையுங் கொல்லுக எனத் தம் வாளை நீட்டினார். அதுகண்ட எறிபத்தரது சினம் எங்கே போயிற்று? யானையையும் பாகரையும் வெட்டியபோதும் அசையாத அவர் நெஞ்சம், எதிர்நின்றவரது தாழ்மையைக் கண்டு நடுங்கிற்று. அவ்வாளினாலே தம்மையே அரியத் துணிந்தார். அரசர் கைப்பிடித்துத் தடுத்தார். இறைவனருளால் யானையும் பாகரும் எழுந்தனர்.

இச்சரித்திரத்திலே ஆசிரியர் கைக்கொள்ளத்தக்கன மூன்றுள. காரணமின்றிச் செய்யார் என எதிரியிடத்து முதலில் நன்மையை நினைத்தல் ஒன்று. உயரமான இடத்தைவிட்டு இறங்குதல் ஒன்று. தீர்ப்புக் கூறுமுன் வினாவுதல் ஒன்று. சோழர் குதிரைமேல் இருந்தபடியே கேட்டிருந்தால், அது வினாவாகாது விசாரணையாகும். உயரமான இடம் என்பது குதிரை மாத்திரமன்று. ஆசிரியரது மேசையும், தந்தையின் சாய்வுநாற்காலியும், அதிபரது அறையும் அவ்வவர்க்குக் குதிரைகளே.

"அங்ஙனமாயின் கோபத்தை உள்ளே விழுங்கிக்கொண்டு மௌனமாக இருத்தலே சாந்தமா?" எனின், அன்று. விழுங்கிய கோபம் செரிக்காது. அது செற்றமாய் உறைந்து, பேசாத நாட்களாயும், முகங்கொடாமையாயும், பிறரிடத்துக் கூறும் புறமாயும் வெளிப்படும். மற்று, உள்ளதையெல்லாங் கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் ஆறும் என்பர் பலர். அதுவும் மெய்யன்று. அமெரிக்க உளநூலறிஞர் பிராட் புஷ்மன் என்பார் 600 கல்லூரி மாணாக்கரைக் கொண்டு செய்து 2002 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சியில், தம்மை இகழ்ந்தவரை நினைந்து மணல்மூட்டைபோன்ற பையைக் குத்தித் தீர்த்தவர்களின் கோபம், ஒன்றுஞ் செய்யாது வாளா அமர்ந்திருந்தவர்களின் கோபத்திலும் மிகுந்தே காணப்பட்டது. நெருப்பை வெளியே எடுத்து வீசினால் அடுப்பு ஆறும் என்பது, கூரை ஓலையாயிருப்பதை மறந்தவர் கூற்றாம்.

விழுங்குதலும் வேண்டா, கொட்டுதலும் வேண்டா எனின், செய்யத்தக்கது யாது? தாழ்த்தலே. உரோமபுரியில் 1 ஆம் நூற்றாண்டில் விளங்கிய செனெக்கா என்னும் ஞானி கோபத்தைக் குறித்து மூன்று புத்தகம் எழுதி, அதற்குத் தலையாய மருந்து காலந்தாழ்த்தலே என்று நிறுவினார். கிரேக்க தேசத்துப் பிளேட்டோவைப் பற்றி அவர் ஒரு செய்தி கூறுகின்றார். அடிமையொருவன் செய்த பிழைக்காக அவனை அடிக்கக் கையோங்கிய பிளேட்டோ, தாம் கோபித்திருத்தலை உணர்ந்து, ஓங்கிய கையை ஓங்கியபடியே நிறுத்தி நின்றாராம். வந்த நண்பர் யாது செய்கின்றீர் என வினாவ, கோபித்த ஒருவனைத் தண்டிக்கின்றேன் என்றாராம். தண்டனை அடிமைக்கன்று, தமக்கே என்பது அதன் பொருள். பரசமயத்தார் கூறியதாயினும் நல்லது நல்லதே.

தாழ்த்தல் வேறு, கைவிடுதல் வேறு. இன்று முற்பகல் கண்ட பிழையை இன்று பிற்பகலோ நாளைக் காலையோ பேசுவோம் எனக் குறித்துவைத்து, அவ்வாறே பேசுதல் வேண்டும். பேசாது விட்டால் அது தாழ்த்தலாகாது, மறைத்தலாகும். பேசும்பொழுது தனித்து அழைத்துப் பேசுக. செய்த செயலைச் சொல்லுக; அவன் இத்தன்மையன் என்று பட்டஞ்சூட்டாதொழிக. "எப்போதும்", "ஒருநாளும்" என்னும் இரண்டு சொற்களையும் நாவிலிருந்து நீக்குக. அவை பெரும்பாலும் பொய்யாதலாற் கேட்பவன் அப்பொய்யையே பற்றிக்கொண்டு மறுப்பான். முதல் வாக்கியம் வினாவாகவும், கடைசி வாக்கியம் இனிச் செய்யவேண்டுவதாகவும் இருக்கட்டும். மூச்சுத் தடித்து, குரல் ஏறுவதை உணர்ந்தவுடனே பேச்சை நிறுத்தி, திருவைந்தெழுத்தை மனத்துள்ளே பத்துமுறை கணித்துப் பின் தொடங்குக. பூசையறையிலே நூற்றெட்டு முறை கணிப்பவர்க்கு வகுப்பறையிலே பத்துமுறை கணித்தல் அரிதாகுமா?

வீட்டைக் குறித்தும் ஒரு சொல். காலை 7.30 மணி முதற் பிற்பகல் 1.30 மணி வரை அடக்கிய கோபமெல்லாம் வீட்டுப் படலையைத் திறந்தவுடனே அவிழ்ந்துவிடுதல் ஆசிரியர் பலரிடத்துக் காணப்படும் வழக்கமாம். பணிப்பாளருக்குச் சேரவேண்டியது மனைவிக்கும், அதிபருக்குச் சேரவேண்டியது பிள்ளைக்குங் கொடுக்கப்படுகின்றது. பெண்ணாசிரியர்களுக்கோ இருபுறத்தும் இச்சுமை. பாடசாலையிலும் பொறுத்து, வீட்டிலும் பொறுத்து நிற்கின்றனர். "இன்றைக்கு எனக்கு மனஞ் சரியில்லை, சிறிது நேரம் விடுங்கள், பிறகு சொல்கின்றேன்" என்று வாய்திறந்து கூறுதல் ஆண்மைக்கு இழுக்கன்று. உள்ளதை உள்ளபடி கூறும் அவ்வொரு வாக்கியம் பத்துச் சண்டையைத் தடுக்கும்.

ஆசிரியர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே உண்டாகும் பிணக்கோ இன்னுங் கொடிது. நேரசூசியிலே ஒரு பாடம் மாறினதன் பொருட்டு, ஒரே பாடசாலையிலே ஆண்டுக்கணக்காய் முகம்பாராதிருக்கும் நல்லாசிரியர்களும் உளர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கின்றது. அதனாலேயே பிணக்குத் தீர்வதில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனாரை நினைக. பரவையாரது ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே நள்ளிரவிலே தூதாக நடக்கவிட்டார் சுந்தரமூர்த்தி நாயனார் எனக் கேட்டு, கலிக்காமர் பொறாது வெகுண்டார். பத்தியிற் பிறந்த அவ்வெகுளியிலும் நியாயமுடைய வெகுளி உண்டா? அதுவே சூலைநோய் வந்தபோது, சுந்தரர் தீர்க்கத் தீர்தலிலும் உயிர்விடுதலே நன்றென வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் அளவுக்கு முதிர்ந்தது. அதனைத் தீர்த்தது வாதமன்று. சுந்தரர் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தார். நிகழ்ந்ததைக் கண்டு தாமும் உயிர்விடத் துணிந்தார். இறைவனருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கைவாளைப் பற்றிக்கொண்டார், இருவரும் நண்பராயினர். யார் சரி என்பது அங்கே தீர்க்கப்படவில்லை. யார் முதலில் வாயிலுக்குச் செல்வது என்பதே தீர்க்கப்பட்டது. நம் பிணக்குகளிலும் தீர்க்கப்படவேண்டியது பெரும்பாலும் இதுவேயாம்.

சமயத்தின் பொருட்டு எழுங் கோபத்தையும் விட்டுவிடுதல் கூடாது. நியாயமுள்ள கோபங்கள் எல்லாவற்றுள்ளும் நம்மவரை எளிதில் மயக்குவது அதுவே. மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்ற எம்போல்வார் இதனை நன்கறிவர். விக்கிரக வழிபாட்டை எள்ளிப் பேசினவர் முன்னே கொதித்தெழுந்து வைத மாணாக்கர் சொல் ஒன்றாவது நிலைபெற்றதில்லை; அது எள்ளினவர்க்கு உவகையே தந்தது. அவர் நூலைத் தாமும் எடுத்துப் படித்து, அமைந்து நின்று வினாவினவர் சொல்லே அவரைச் சிந்திக்க வைத்தது. இதற்கு வழிகாட்டினவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களே. அவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது உடனிருந்து உதவினார்கள். சைவத்தை இகழ்ந்தவர்க்கு மறுப்பாக 1854 ஆம் ஆண்டிலே சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, விவிலிய நூலினின்றே ஒப்புமைகளை எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளை நிலைநாட்டினார்கள். அவர்கள் எழுத்திலே கடுமை இல்லையென்று கூறோம். ஆயினும், அந்நூலை நிற்கச்செய்தது கடுமையன்று. எதிரியின் நூலைப் பல்லாண்டு பொறுமையோடு கற்ற கல்வியே. கோபம் படிக்காது, படித்தவனே விடை கூறவல்லான்.

இவ்வளவுங் கூறியதனால், ஆசிரியர் எதனையுங் கண்டிக்கலாகாதென்று யாம் கூறியதாகக் கொள்ளற்க. பிழை பிழையே, அதனைப் பிழையென்று கூறாத ஆசிரியர் பிள்ளைக்குத் துரோகஞ் செய்தவராவர். எளியாரை வலியார் வருத்தக் கண்டவிடத்து நெஞ்சு கொதிக்காதவரும் நல்லாசிரியராகார். கொதிப்பு எழுந்து, இங்கே ஒரு தீங்கு நிகழ்கின்றதென அறிவித்தல் நன்று. அறிவித்தலோடு அதன் தொழில் முடிந்தது. வாயில் காப்போன் வந்தவரை அறிவிக்கலாம். அவனே அரியணையில் ஏறித் தீர்ப்பளித்தல் கூடாது. நியாயமுள்ள கோபத்தை நாம் வாயில் காப்போனாக வைத்துக்கொண்டோமா, அரசனாக்கிவிட்டோமா என்பதை ஒவ்வொருவரும் நாடோறும் இரவிலே நித்திரைக்குமுன் தம்முள்ளே கேட்டுக்கொள்வாராக.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல, பிள்ளை தான் அடுத்திருப்பவரின் இயல்பைக் கொள்கின்றது. ஆண்டிலே நூற்றுக்கணக்கான நாள் ஒரு பிள்ளை நம்மைச் சார்ந்திருக்கின்றது. நாம் சமயபாடத்திலே வெகுளாமையைப் படிப்பித்து, அடுத்த பாடத்திலே வெகுண்டோமாயின், அது இரண்டாவதையே மனனஞ் செய்யும். கோபம் வந்தவிடத்து மூச்சை அடக்கி, குரலைத் தாழ்த்தி, "என்ன நடந்தது, சொல்" என்று நாம் கேட்கும்போது, நாற்பது பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் இருபது ஆண்டு கழித்துத் தன் மனைவியிடத்தும், ஒருத்தி தன் பிள்ளையிடத்தும் அதே குரலிலே அதே வினாவைக் கேட்பாராயின், அதுவே நாம் கற்பித்த சைவமாம்.